எந்த டிஸ்ட்ரோன்னு கேக்குறதுக்கு முன்னாடி மெஷின் எப்படி பூட் ஆகுதுன்னு பாருங்க

லினக்ஸ் போடணும்னு யார் வந்தாலும் முதல் கேள்வி எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸோட எந்த வகை, நல்லா இருக்கும்ங்கறது தான். உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவான்னு அதுலயே ஒரு மணி நேரம் பேச்சு ஓடிரும். நான் இந்த ரெண்டு வருஷத்துல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு மெஷின்ல லினக்ஸ் ஏத்திருக்கேன், ஒரு பழைய 32 பிட் லேப்டாப், ஒரு குட்டி டேப்லெட், விண்டோஸோட வந்த ஒரு புது லேப்டாப், அப்புறம் ராஸ்பெரி பை 4ங்கற ஒரு குட்டி போர்டு கம்ப்யூட்டர். நாலுலயும் எனக்கு நேரம் தின்னது டிஸ்ட்ரோ இல்ல. பவர் பட்டனை அமுக்குனதுல இருந்து கெர்னல், அதாவது லினக்ஸோட மையமான ப்ரோக்ராம், எழுந்து நிக்கிற வரைக்கும் நடுவுல ஒரு சில செகண்ட் இருக்கு பாருங்க, எல்லா சிக்கலும் அந்த சில செகண்டுக்குள்ள தான் இருந்துச்சு. அதை தாண்டிட்டா இன்ஸ்டாலர் தானா ஓடிரும், பேர் கேக்கும், பாஸ்வேர்ட் கேக்கும், முடிஞ்சுது.

பென்டிரைவ் ரெடி பண்றதை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது லினக்ஸ் இறக்கும்போது வர்ற டிஸ்க் இமேஜை, இழுத்து பென்டிரைவ்ல போட்டா அது பூட் ஆகாது, இமேஜை அப்படியே எழுதணும், அதுக்கு விண்டோஸ்ல ரூஃபஸ்ங்கற டூல் இருக்கு, லினக்ஸ்லயே இருந்தா டிடி கமாண்ட் போதும். டிடி போடறதுக்கு முன்னாடி டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே கமாண்டை அடிச்சு பென்டிரைவ் எந்த பேர்ல வந்திருக்குன்னு ரெண்டு தடவை பாருங்க, ஏன்னா டிடி எதையும் திருப்பி கேக்காது, நீங்க சொன்ன டிஸ்க்ல எழுதிரும், அது உங்க ஃபோட்டோ எல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்கா இருந்தாலும் சரி. நான் இப்போ வென்டாய் தான் வச்சிருக்கேன், ஒரு தடவை பென்டிரைவ்ல அதை போட்டுட்டா அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைலை சும்மா காப்பி பண்ணா போதும், பூட் ஆகும்போது எது வேணும்னு மெனு வரும்.

முதல்ல அந்த பழைய லேப்டாப். பென்டியம் எம் ப்ராசஸர், 512 எம்பி ரேம், சுமார் இருபது வருஷம் ஆச்சு. கையில இருந்த ஒரு 32 பிட் இமேஜை போட்டு பூட் பண்ணேன், கருப்பு ஸ்க்ரீன்ல ரெண்டே லைன் வந்துச்சு, இந்த கெர்னலுக்கு பிஏஇ வேணும், இந்த சிபியூல அது இல்ல, உன் சிபியூக்கு ஏத்த கெர்னலை போடுன்னு. அதோட நின்னுருச்சு. பிஏஇன்னா 32 பிட் ப்ராசஸரையே 4 ஜிபிக்கு மேல, 64 ஜிபி வரைக்கும் மெமரியை தொட வைக்கிற ஒரு வசதி. 512 எம்பி இருக்கிற மெஷினுக்கு அதோட தேவையே இல்ல, ஆனா கெர்னலை அந்த வசதியோட கம்பைல் பண்ணியிருந்தா சிபியூ அது இருக்குன்னு சொன்னா தான் மேல நகரும். இதுல ஒரு விஷயம் தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு, ஆரம்ப கால பென்டியம் எம் சிப்ல பிஏஇ உண்மையிலேயே வேலை செய்யும், ஆனா என்கிட்ட இருக்குன்னு அது வெளிய சொல்லிக்காது. அதனால கெர்னல்ல ஃபோர்ஸ்பிஏஇன்னு ஒரு ஆப்ஷனே வச்சிருக்காங்க, பூட் லைன்ல, அதாவது பூட் ஆகும்போது கெர்னலுக்கு கொடுக்கிற ஆப்ஷன் வரில, அந்த ஒரு வார்த்தையை சேர்த்தா போதும், அது சொல்லலைன்னாலும் பரவால்ல இருக்குன்னே வச்சுக்கோன்னு கெர்னல் மேல போயிரும்.

நான் கடைசில அந்த வழியில போகல, டெபியன் 12 போட்டேன், அதுல 32 பிட்டுக்கு பிஏஇ இல்லாத கெர்னலும் தனியா உண்டு. இந்த மாதிரி மெஷின் உங்ககிட்ட இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல இருந்து 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்ல கெர்னலும் இல்ல. உபுண்டு 2017லயே 32 பிட் டெஸ்க்டாப் இமேஜை நிறுத்திருச்சு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸை எழுத ஆரம்பிச்சதே 386ங்கற 32 பிட் இன்டெல் ப்ராசஸர் இருந்த ஒரு பிசில தான், அந்த 386க்கான சப்போர்ட்டை 2013ல வந்த 3.8 கெர்னல்லயே எடுத்துட்டாங்க, அதை படிச்சப்போ மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த பழைய கோடை யாராவது உக்காந்து பராமரிக்கணும் இல்லையா, அதையும் யோசிக்கணும். லேப்டாப்ல இப்போ ஐஸ்டபிள்யூஎம்ங்கற லேசான விண்டோ மேனேஜர் ஓடுது, டைப் பண்ண, பாட்டு கேக்க, எஸ்எஸ்ஹெச்ல வேற மெஷினுக்குள்ள போக நல்லா இருக்கு. ப்ரவுசர் மட்டும் எதிர்பார்க்காதீங்க, 512 எம்பில இன்னைக்கு இருக்கிற வெப்சைட் எதுவும் நகராது.

அடுத்தது தான் என்னை ரொம்ப சுத்த விட்டது. பத்து இஞ்ச் டேப்லெட், பிரிச்சு எடுக்கிற கீபோர்ட், பே டிரெயில் ஆட்டம் ப்ராசஸர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். ப்ராசஸர் 64 பிட், சரி 64 பிட் இமேஜ் போடுவோம்னு ஒரு பென்டிரைவ் சொருகுனேன், பூட் மெனுல பென்டிரைவே காட்டல. வேற பென்டிரைவ், வேற போர்ட், கையெழுத்து இல்லாத பூட் ஃபைலை தடுக்கிற செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. பென்டிரைவ் மேல தப்பு இல்லைன்னு புரியவே ஒரு ராத்திரி ஆச்சு.

விஷயம் என்னன்னா, ப்ராசஸர் 64 பிட்டா இருந்தாலும் அதுல இருந்த யூஇஎஃப்ஐ, அதாவது மெஷினை முதல்ல எழுப்புற ஃபர்ம்வேர், 32 பிட். அந்த மாதிரி டேப்லெட்ல 32 பிட் விண்டோஸ் தான் வந்துச்சு, அதுக்கு ஏத்த மாதிரி ஃபர்ம்வேரையும் 32 பிட்ல வச்சுட்டாங்க. யூஇஎஃப்ஐ ஒரு பென்டிரைவை பார்த்தா அதுல இஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள தனக்கு புரியிற பேர்ல ஒரு ஃபைல் இருக்கான்னு தேடும். 64 பிட் ஃபர்ம்வேர் தேடுற பேர் பூட்எக்ஸ்64, 32 பிட் தேடுற பேர் பூட்ஐஏ32. என் பென்டிரைவ்ல முதல் ஃபைல் இருந்துச்சு, ரெண்டாவது இல்ல, அதனால அதுக்கு பென்டிரைவ் காலியா இருக்கிற மாதிரி தான். 32 பிட் ஃபர்ம்வேர்ல இருந்து 64 பிட் கெர்னலை நேரா எழுப்புற வசதி 2014லயே 3.15 கெர்னல்ல வந்துருச்சு, அப்போ கெர்னல் பக்கம் குறை எதுவும் இல்ல, நடுவுல ஒரு சின்ன ஃபைல் தான் வேணும். கெர்னலை லோட் பண்ற க்ரப்போட அந்த 32 பிட் ஃபைலை எடுத்து அந்த ஃபோல்டர்ல போட்டேன், உடனே மெனுல பென்டிரைவ் வந்து நின்னுச்சு. அந்த சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னே தெரியல, ராத்திரி ஒன்றரை மணி, எல்லாரும் தூங்கிட்டு இருக்காங்க, நான் மட்டும் அந்த க்ரப் மெனுவையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

இன்ஸ்டால் முடிஞ்சுது, வைஃபை இல்ல. கெர்னல் லாக் காட்டுற டிமெசேஜ்ல பார்த்தா டிரைவர் இருக்கு, சிப்பை கண்டுபிடிச்சிருக்கு, ஃபர்ம்வேர் கூட லோட் ஆகிருக்கு, ஆனா இன்னொரு டெக்ஸ்ட் ஃபைல் இல்லைன்னு நிக்குது. அந்த சிப்பை எந்த போர்ட்ல எப்படி வயர் பண்ணியிருக்காங்க, ஆன்டெனா அளவு என்னங்கற மாதிரி செட்டிங் எல்லாம் இருக்கிற ஃபைல் அது, மெஷினுக்கு மெஷின் மாறும். அதை எங்கெங்கயோ தேடி அலைஞ்சுட்டு கடைசில பார்த்தா அந்த ஃபைல் டேப்லெட்டுக்குள்ளயே இருக்கு! கம்பெனி அதை யூஇஎஃப்ஐ வேரியபிளா சேவ் பண்ணி வச்சிருக்கு, சிஸ் டைரக்டரிக்குள்ள ஃபர்ம்வேர், அதுக்குள்ள இஎஃப்ஐ, அதுக்குள்ள இஎஃப்ஐவார்ஸ்னு போனா என்விராம்னு பேர் ஆரம்பிக்கிற ஒரு ஃபைல். அதை லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி டிரைவர் கேட்ட பேரை வச்சு ரீபூட் பண்ணேன், வைஃபை லிஸ்ட் வந்துருச்சு. அந்த ஃபைலை இப்பவும் தனியா பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்.

வைஃபைன்னு வந்ததால ஒரு வார்த்தை. லினக்ஸ்ல டிரைவர் வேற, ஃபர்ம்வேர் வேற. டிரைவர் கெர்னலோட வரும், அது திறந்த கோடு. ஃபர்ம்வேர்ங்கறது சிப்புக்குள்ள ஓடுற ப்ரோக்ராம், பெரும்பாலும் கம்பெனி கொடுக்கிற மூடின ஃபைல். டெபியன்காரங்க சுதந்திர சாஃப்ட்வேர் கொள்கைக்காக ரொம்ப வருஷம் அதை இன்ஸ்டாலர்ல சேர்க்காமயே இருந்தாங்க, நெட் இல்லாம வைஃபை ஃபர்ம்வேர் இறக்க முடியாது, ஃபர்ம்வேர் இல்லாம நெட் வராதுன்னு பலர் மாட்டிக்கிட்டாங்க. 2022ல ஓட்டு போட்டு முடிவை மாத்தினாங்க, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து சாதா இமேஜ்லயே ஃபர்ம்வேர் வருது. எனக்கு அந்த கொள்கை மேல மரியாதை உண்டு, ஆனாலும் இந்த மாற்றம் சரின்னு தான் சொல்வேன். ஒருத்தர் மெஷின்ல லினக்ஸ் ஏறவே இல்லைன்னா சுதந்திரத்தை பத்தி அவர்கிட்ட எங்க போய் பேசறது. இன்னும் ஏதாவது வைஃபை வரலைன்னா ஃபோனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் போடுங்க, பெரும்பாலும் எந்த டிரைவரும் கேக்காம நெட் வந்துரும்.

புது லேப்டாப் கதை வேற. இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லைவ்ல எல்லாம் வேலை செஞ்சுது, டச்பேட், சவுண்ட், வைஃபை எல்லாமே. இன்ஸ்டால்னு அமுக்கினா டிஸ்கே இல்ல, பென்டிரைவ் மட்டும் தான் காட்டுது. உள்ள 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கு, விண்டோஸ் அதுல தான் ஓடுது. பயாஸ்க்குள்ள, அதாவது ஃபர்ம்வேர் செட்டிங்குக்குள்ள, போய் பார்த்தா ஸ்டோரேஜ் மோட் ரெய்ட்னு, அதாவது பல டிஸ்கை ஒண்ணா சேர்க்கிற மோட்ல, இருந்துச்சு, ஒரே ஒரு டிஸ்க் இருக்கிற மெஷின்ல ரெய்ட். அந்த மோட்ல எஸ்எஸ்டி கன்ட்ரோலருக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கும், அதை ஏஹெச்சிஐங்கற சாதா மோடுக்கு மாத்தணும். ஆனா தயவு செஞ்சு உடனே மாத்திடாதீங்க, மாத்தினா விண்டோஸ் பூட் ஆகாம நீல ஸ்க்ரீன் வரும். முதல்ல விண்டோஸ்ல சேஃப் மோட்ல அடுத்த பூட் ஆகுற மாதிரி வச்சுட்டு, ரீஸ்டார்ட்ல பயாஸ் போய் மோடை மாத்திட்டு, விண்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவை எழுந்துச்சுன்னா புது டிரைவரை அது தானா புடிச்சுக்கும், அப்புறம் சேஃப் மோடை எடுத்துடலாம். இதுக்கெல்லாம் முன்னாடி டிஸ்கை பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வைங்க, பயாஸ்ல இந்த மாதிரி மாத்தினா அது அந்த 48 நம்பரை கேக்கலாம், கையில இல்லைன்னா டேட்டா போச்சு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் ஷட்டவுன் ஆன மாதிரி தெரிஞ்சாலும் உண்மையில பாதி தூக்கத்துல தான் இருக்கும், அந்த பார்ட்டிஷன்ல லினக்ஸ்ல இருந்து எழுத முடியாது.

டூயல் பூட், அதாவது விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷின்ல, போட்டதும் மணி தப்பா காட்டினா பயப்படாதீங்க. போர்ட்ல இருக்கிற கடிகாரத்தை லினக்ஸ் யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், ரெண்டும் மாறி மாறி திருத்திட்டே இருக்கும். டைம்டேட்சிடிஎல்ல ஒரு கமாண்ட்ல சரியாகிரும்.

ராஸ்பெரி பைல நான் புரிஞ்சுக்கிட்டது தான் எனக்கு இந்த மொத்த அனுபவத்துலயும் பெருசு. பிசில ஒரே பென்டிரைவ் எந்த கம்பெனி மெஷின்லயும் எழுந்திருக்குது, பை மாதிரி ஏஆர்எம் ப்ராசஸர் இருக்கிற போர்டுக்கு மட்டும் ஏன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு இமேஜ்னு ரொம்ப நாளா எனக்கு கேள்வி. பிசில கெர்னல் எழுந்ததும் கார்டுகளை இணைக்கிற பிசிஐ பஸ்ல யார் யார் இருக்கீங்கன்னு கேக்கும், ஒவ்வொரு கார்டும் தன் கம்பெனி நம்பர், டிவைஸ் நம்பர் சொல்லும், மீதியை ஏசிபிஐ டேபிள்ல ஃபர்ம்வேர் எழுதி கொடுக்கும். ஏஆர்எம் போர்ட்ல பாதி சிப்புக்கு பேசவே தெரியாது, கேட்டா பதில் வராது. அதனால எந்த அட்ரஸ்ல என்ன இருக்குன்னு ஒரு வரைபடத்தை கெர்னல் கையில கொடுத்து அனுப்பணும், அது தான் டிவைஸ் ட்ரீ. போர்டு மாறினா வரைபடம் மாறும். இதை புரிஞ்சுக்கிட்ட பிறகு வேற ஒரு போர்டோட இமேஜை போட்டு ஏன் ஓடலைன்னு நான் முழிக்கிறது நின்னுருச்சு. ஆப்பிள் எம்1 மாதிரி மெஷின்லயும் இதே கதை தான், அசாகி லினக்ஸ் டீம் அந்த வரைபடத்தை ஒவ்வொரு சிப்பா தாங்களே ஆராய்ஞ்சு எழுதினாங்க, 2022 மார்ச்ல முதல் ஆல்ஃபா வந்துச்சு. அந்த உழைப்பை நினைச்சா கை எடுத்து கும்பிடத் தோணுது.

பைல எனக்கு வந்த பிரச்சனை பவர். பழைய ஃபோன் சார்ஜரை மாட்டினேன், பூட் ஆச்சு, டெஸ்க்டாப் வந்துச்சு, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கை சொருகினதும் ரீஸ்டார்ட். எஸ்டி கார்ட் போச்சுன்னு நினைச்சு ரெண்டு கார்ட் மாத்தினேன். ஸ்க்ரீன் மூலையில ஒரு சின்ன மின்னல் சின்னம் வந்து வந்து போயிட்டு இருந்ததை அப்போ கவனிக்கல, வோல்டேஜ் குறையுதுன்னு அது தான் சொல்லிட்டு இருந்திருக்கு. பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேணும். சரியான அடாப்டர் மாட்டினதும் மின்னல் சின்னம் காணாம போச்சு, அதே ஹார்ட் டிஸ்க், அதே முதல் எஸ்டி கார்ட், இன்னைக்கோட 94 நாள் ரீஸ்டார்ட் இல்லாம ஓடிட்டு இருக்கு.