கந்தப்பளைக் குளிரில் இரண்டு இரவு

அம்மா பிறந்தது நுவரெலியாவுக்கு அருகே, கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 2024 தைப்பொங்கல் திங்கட்கிழமை வந்ததால் மூன்று நாள் லீவு கிடைத்தது. பிறந்த மண்ணில் பொங்கல் வைக்கவேண்டும், இரவும் அங்கேயே தங்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். வயது எழுபத்தொன்று. ஜனவரிக் குளிர் இப்போது அவருக்கு ஆகாது. அதனால்தான் எங்கள் வேனில் முதல்முறையாக ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றினேன்.

பழைய ஹயஸ் வேன். பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டு, கீழே 100 ஆம்பியர் ஹவர் பெட்டரி இரண்டு வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் 2000 வாட் இன்வெர்ட்டர் வகை. பெட்டியில் 2000 என்று இருந்தாலும் தொடர்ந்து தருவது 1600 தான். மாத்தளை வீட்டு முற்றத்தில் 1500 வாட் கேத்தலை மாட்டிப் பார்த்தேன், சிரமமில்லாமல் கொதித்தது.

தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், கேட்டு அனுமதி வாங்கி, வேனை நிறுத்தினோம். அதே கேத்தலைப் போட்டதும் எஞ்சின் திணறிக் கறுப்பாகப் புகை தள்ளியது. சிவப்பு விளக்கு எரிந்து கரண்ட் நின்றுவிட்டது. நுவரெலியா நகரமே 1868 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் சக்தி ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். காற்று மெலிந்துவிடுகிறது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் மட்டும் அதே அளவு பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என் 1600 வாட் அங்கே 1250 சொச்சம்தான். மலையிலேயே வைத்து ஓட்டுபவர்கள் கார்புரேட்டரில் பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை இன்னும் சிறியதாக மாற்றுவார்கள். நான் கேத்தலை ஒதுக்கிவிட்டுக் கேஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தேன்.

அன்றிரவு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

மாலையில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. புகை எங்கள் பக்கம் வரக்கூடாது என்று ஜெனரேட்டரை வேனுக்கு மேல்புறம் வைத்தேன். கேபிள் எட்டியது ஐந்து மீட்டர்தான். அம்மாவுக்காக 1000 வாட் ஹீட்டரைப் போட்டு, கதவு ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டோம். ஒன்பது மணி வாக்கில் கார்பன் மொனொக்சைட் அலாரம் கத்தத் தொடங்கியது. மகள் அதற்கு முன்பே தலை வலிக்கிறது என்றாள், நான் பயணக் களைப்பு என்று நினைத்துவிட்டேன். எஞ்சின் புகையில் வரும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லோரையும் வெளியே இறக்கி, எஞ்சினை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டேன். கொட்டும் பனியில் அம்மா போர்வையோடு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

சத்தம் கேட்டு லயத்திலிருந்து ஒரு பெரியவர் டோர்ச்சோடு வந்தார். ஜெனரேட்டர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பகல்ல காத்து மல ஏறும் தம்பி. பொழுது சாஞ்சா எறங்கும். பொகையும் அதுகூடத்தான் எறங்கும்.” வெயிலில் சூடான சரிவு காற்றை மேலே இழுக்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து கீழே வருகிறது. மலைநாட்டில் வேன் நிறுத்துபவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தச் சின்ன அலாரம் இல்லாமல் தயவுசெய்து யாரும் ஜெனரேட்டர் எடுத்துப் போகாதீர்கள்.

மறுநாள் நுவரெலியாவுக்குப் போய் 15 மீட்டர் தடித்த கேபிள் வாங்கிவந்தேன். மாலையில் ஜெனரேட்டரை வேனுக்குக் கீழ்ப்புறம், தள்ளி, புகைக்குழாய் பள்ளத்தைப் பார்க்க வைத்தேன். ஹீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தப் பெட்டி வாட்டை விழுங்குகிறது, வேனின் தகரமோ சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. மின்சாரப் போர்வைக்கு 60 வாட் போதும். எட்டு மணிநேரம் போட்டாலும் 480 வாட் ஹவர்தான், பெட்டரிகளைப் பாதிக்குமேல் இறக்காமலே சமாளிக்கலாம். 20 ஆம்பியர் சார்ஜரை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை ஓடவிட்டேன். சுமை குறைவு என்பதால் எஞ்சினும் மெதுவாகவே முனகியது. அப்புறம் நிறுத்திவிட்டேன். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற சனம் பக்கத்தில் தூங்குகிறது, அதற்குமேல் ஓட்டுவது நியாயமில்லை. பெற்றோல் ஊற்றுவதையும் எஞ்சின் ஆறிய பிறகு, காலையில்தான் வைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று ஐந்து மணிக்குக் கண் விழித்தால் போர்வை மடித்துக் கிடக்கிறது, அம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தால், லயத்து வாசலில் அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் பெரியவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டதாம். மூன்று கல் வைத்து, சவுக்கு விறகு மூட்டி, பானை ஏற்கெனவே ஏறியிருந்தது.