குழிக்கரண்டியும் கறுப்பியும்

கோவில்பட்டிப் பக்கம் போய் கன்னி இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தபோது அதற்கு இரண்டு மாதம். பெயர் கறுப்பி. பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த பத்தாம் நாளிலிருந்து திண்ணை, அடுக்களை, கட்டிலுக்கடி என்று எங்கு பார்த்தாலும் ஈரம். “குட்டின்னா அப்படித்தாம்ல மோளும்” என்றாள் ஆச்சி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்த வயதில் மணிக்கொரு தரம் போவது சகஜம்.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் ஆறு தடவை குந்தியது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து சொட்டுதான். முக்கிவிட்டு, பின்பக்கத்தை விடாமல் நக்கியது. துடைத்த துணியில் லேசான ரோஸ் நிறம். “சூடு, மோர் ஊத்து” என்றாள் ஆச்சி.

பக்கத்து கிளினிக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஓர் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. சோதித்துப் பார்க்காமல் போட்ட அந்த ஊசிமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அப்புறம் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக முடிவு செய்து, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். “காலைல முதல் மூத்திரத்தைப் பிடிச்சுட்டு வாங்க. அரை மணி நேரத்துக்கு மேல ஆகும்னா ஐஸ்ல வைங்க” என்றார். விடிகாலை ஐந்தரைக்குக் கொதிநீரில் கழுவிய குழிக்கரண்டியோடு கறுப்பி பின்னால் நடந்தேன். கரண்டியை நீட்டினால் சோறு என்று நினைத்துத் திரும்பி நக்க வந்தது. மூன்றாம் நாள்தான், அது குந்திய பிறகு பக்கவாட்டில் நைசாகச் செருகி இரண்டு ஸ்பூன் அளவு பிடித்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் சீழ் அணுக்களான வெள்ளணுக்களும் கிருமிகளும் தெரிந்தன. நாய்களுக்கு வெள்ளணு விஷயத்தில் சோதனைக் குச்சியை நம்ப முடியாதாம். கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் கல்ச்சருக்குக் கரண்டி மூத்திரம் ஆகாது, வெளிக்கிருமி கலந்திருக்கும் என்று ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியே ஊசி விட்டு மூத்திரப் பையிலிருந்தே எடுத்தார்கள். பார்க்கப் பயமாக இருந்தது, கறுப்பி முனகக்கூட இல்லை. தூங்கும்போது சொட்டுகிறதா என்றும் கேட்டார்கள். சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருந்தால் அப்படி ஒழுகுமாம். இல்லை என்றேன்.

கல்ச்சரில் வந்தது ஈ.கோலை என்ற குடல் கிருமி. பெட்டைக்கு மூத்திரப் பாதை குட்டை, மலவாயும் பக்கத்திலேயே. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப் எழுதினார்கள், காலையும் இரவும் ஏழு நாள். என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்து வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தார்களாம். மூன்றாம் நாளே கறுப்பி துள்ளியது. நிறுத்திவிடலாமா என்று கை அரித்தது, நிறுத்தவில்லை.

மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தோம், சுத்தம். கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் கட்டிக் கொல்லைப்புற ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஆச்சி இன்னும் குழம்பு ஊற்றும்போது காம்பை ஒருதரம் திருப்பிப் பார்க்கிறாள்.