முன்னாடியே கிழிஞ்சிருந்தது சார்

“முன்னாடியே கிழிஞ்சிருந்தது சார்.”

போன வருடம் கத்திரி வெயிலில் நான் சொன்னது. மூன்றே வார்த்தை. அதற்கப்புறம் எங்கள் மெக்கானிக் கடையில் எத்தனையோ வண்டிகளுக்கு டேஷ்போர்டு கழற்றியாகிவிட்டது, ஆனாலும் வேக்யூம் பார்க்கிற கைப்பம்பைத் தொடும்போதெல்லாம் அது காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். உண்மை என்றும் சொல்ல வரவில்லை.

வண்டி 1976 மாடல் மெர்சிடிஸ் 450 எஸ்எல். அமெரிக்காவுக்கென்று செய்தது, மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பம்பரைப் பார்த்தாலே தெரியும். 1971 முதல் 1989 வரை ஏறக்குறைய அதே உடம்போடு வந்த வரிசை. வண்டிக்காரர் சாருடைய அண்ணன் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர் போன பிறகு வண்டி தம்பிக்கு வந்தது. தெருவில் எல்லோரும் இந்தத் தம்பியை முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா மாதிரி. எனக்கு மட்டும் அவர் சார்தான். ஃபெஞ்சல் புயலன்று கராஜில் தண்ணீர் ஏறியபோது, ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் பிடித்து, ஜாக்கி போட்டுச் செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்கி வைத்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் சொன்னது என்பதுதான் உறுத்துகிறது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

அவர் சொன்ன கோளாறு இது: சிக்னலில் நிற்கும்போது முகத்துக்கு ஏசி காற்று சுமாராக வருகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்று கண்ணாடிப் பக்கம் ஓடிவிடுகிறது. நம்ம ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தானே, அரும்பார்த்தபுரம் பாலம் ஏறினால் முகத்துக்குச் சுத்தமாகக் காற்று இல்லை. இறங்கும்போது மறுபடி வரும்.

கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வண்டியில் காற்று எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் மூடிகளை இழுப்பது இன்ஜினின் வேக்யூம், அதாவது அது காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. இன்ஜினுக்குள் காற்று போகிற மேனிஃபோல்டில் இருந்து மெல்லிய டியூப்கள் டேஷ்போர்டுக்குள் போகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வட்டமான டப்பா, உள்ளே டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு. வேக்யூம் இழுத்தால் டயஃப்ரம் உள்வாங்கும், கம்பி நகரும், மூடி திறக்கும். இந்த இழுப்பை அங்குலத்தில் அளப்போம், எண் கூடினால் இழுப்பு கூட. நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17, 18 அங்குலம் காட்டும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நேரத்தில் மூச்சு வெளியே போகாமல் பிடித்துவைக்கத்தான் நடுவில் ஒரு ஒன்-வே வால்வு. வேக்யூம் போய்விட்டால் மூடிகள் தாமாகவே முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும். பனி கொட்டுகிற ஊர்க்காரன் யோசித்துச் செய்தது, டிரைவருக்கு எப்படியாவது பாதை தெரியட்டும் என்று. இங்கே நடப்பது நேர் எதிர். சாயங்காலக் கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடியை உள்ளேயிருந்து குளிர வைத்தால் வெளிப்பக்கம் வேர்த்துவிடும். மழையே இல்லாமல் சார் வைப்பர் போட்டுக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்-வே வால்வின் பிளாஸ்டிக் உடம்பில் மயிரிழை விரிசல். காதருகே கொண்டுபோனால் ஸ்ஸ் என்று கேட்கிறது. வால்வுக்கு முன்னால் 18 அங்குலம், பின்னால் 9, 10. முடிந்தது வேலை. புது வால்வு போட்டு, பாலம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்திருக்கலாம்.

கொடுக்கவில்லை. வேக்யூம் வேலையில் ஒரு ஓட்டையோடு நிறுத்தக்கூடாது என்று பழகியவன் நான். பழைய டீசல் பென்ஸ்களில் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த வண்டிகளில் சிலவற்றில் இன்ஜினை நிறுத்துவதே வேக்யூம்தான். எங்கேயாவது ஒழுகினால் சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கைப்பம்பை எடுத்து ஒவ்வொரு டியூபாகப் போட்டுப் பார்த்தேன். கால் பக்கத்து டப்பா பிடித்தது, இழுப்பு இறங்காமல் நின்றது. கண்ணாடிப் பக்கத்து டப்பா பிடித்தது. முகத்துக்குக் காற்று விடுகிற நடு டப்பாவுக்கு வந்தேன். 15 அங்குலத்தில் பம்பு மீட்டரின் முள் நின்றது. அங்கேயே விட்டிருக்கலாம். இன்னும் நாலு அமுக்கு அமுக்கினேன். 20 தாண்டி 25 வரை போனது. டேஷ்போர்டுக்குள்ளே எங்கேயோ டப் என்று சின்னதாக ஒரு சத்தம். முள் சாவகாசமாக இறங்கியது.

பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பையன், “அண்ணே, ஏதோ சத்தம் கேட்டுச்சுண்ணே” என்றான்.

“ஒண்ணுமில்லடா, கிளிப்பா இருக்கும்” என்றேன்.

அந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சாரிடம் சொன்னது இரண்டாவது பொய். இல்லை, பொய் என்று இப்போதே ஒத்துக்கொள்ளக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்ஜினே 22, 23 அங்குலம் இழுக்கும். நான் இழுத்தது 25. இந்த இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு ரப்பர் கிழிகிறதென்றால் அது ஏற்கெனவே செத்த ரப்பர். புது வால்வு போட்டு அனுப்பியிருந்தால் காலாப்பட்டு போவதற்குள் தானே கிழிந்திருக்கும். சாரும், “நீ வால்வு மாத்தினதாலதான் போச்சு”ன்னு வந்து நின்றிருப்பார்.

சரிதான். ஆனால் வால்வில்தான் விரிசல் இருந்ததே. அந்த டயஃப்ரம் எத்தனை வருடமாக 10 அங்குலத்துக்கு மேல் பார்க்காமல் இருந்ததோ. படுத்த படுக்கையாகக் கிடந்தவரை எழுப்பி மாடிப்படி ஏறச் சொன்னவன் நான். அதுவும் இழுத்தது இன்ஜின் இல்லை, என் விரல். 15-இல் நின்ற முள்ளை என் கண் பார்த்தது.

சாயங்காலம் சார் வந்தார். நின்றபடியே கேட்டுக்கொண்டார். வால்வு போயிருக்கிறது என்றேன், தலையாட்டினார். நடு டப்பாவில் டயஃப்ரமும் போயிருக்கிறது, அதற்கு டேஷ்போர்டு முழுசாக வெளியே வரவேண்டும் என்றேன்.

“அப்படியா? நேத்து வரைக்கும் சிக்னல்ல மூஞ்சிக்குக் காத்து வந்துதே.”

“முன்னாடியே கிழிஞ்சிருந்தது சார். ஓரத்து வென்ட்ல வந்த காத்தா இருக்கும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். “நீங்க சொன்னா சரி” என்றார்.

இந்த “நீங்க சொன்னா சரி”யை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்பிச் சொன்ன மாதிரியும் வரும். தெரிந்துகொண்டே விட்டுக்கொடுத்த மாதிரியும் வரும். அவர் குரல் எப்போதும் ஒரே சுருதிதான், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

டேஷ்போர்டு வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று நாள். ஐம்பது வருடத்து பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சாமி கும்பிட்டுக்கொண்டு திருப்பினோம். புது டப்பா சாருடைய சொந்தக்காரர் மூலமாக பிரான்சில் இருந்து வந்து சேர்ந்தது. கூலியில் பாதிதான் போட்டேன். “ஏன் குறைச்சீங்க?” என்றார். “உங்க அண்ணன் வண்டி சார், அதான்” என்றேன். அவர் அண்ணனை நான் பார்த்ததுகூட இல்லை. சார் முழுசாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கிழிந்த டயஃப்ரம் இன்னும் என்னிடம் இருக்கிறது, மேஜை டிராயரில் ஒரு சுண்ணாம்பு டப்பாவில். பையன் அதைத் தூக்கிப்போடப் போனான், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கிழிசல் மொத்தம் ஒரு கட்டைவிரல் நகத்து நீளம். அதில் பாதி ஓரம் வழவழப்பாக, தூசி ஏறி, சாம்பல் நிறமாக இருக்கிறது. மீதிப் பாதி நல்ல கறுப்பு, இப்போதுதான் பிய்த்த மாதிரி சொரசொரப்பு. வெளிச்சத்தில் ஒரு பக்கமாகப் பிடித்தால் நான் சொன்னது சரி. திருப்பிப் பிடித்தால் பையன் கேட்டது சரி. சாரிடம் இதைக் காட்டியிருக்கலாம். பழைய பாகத்தைக் கஸ்டமர் கையில் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அன்றைக்கு மட்டும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பையன்களுக்கு இப்போது 15-க்கு மேல் அமுக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் போன மாதம் வேறொரு பழைய வண்டிக்கு நானே 22 வரை இழுத்தேன். போகிற பாகம் நம் கடையில் போகட்டும், ராத்திரி ரோட்டில் போகவேண்டாம் என்று அப்போதும் தோன்றியது. அது இன்னமும் சரியாகத்தான் படுகிறது. அந்த வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், இழுத்தால் கிழியலாம் என்று. அவர் பயந்துபோய் வேறு கடைக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

இந்த ஜனவரியில் சார் மறுபடி வந்தார். கால் பக்கம் காற்று வரவில்லையாம். ஸ்டூலை வண்டி அருகிலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டியூபைக் கழற்றிப் பம்பை மாட்டினேன்.

“மெதுவா புடிங்க” என்றார்.

எதையோ தெரிந்து சொன்னாரா, வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற மெதுவாவா என்று திரும்பிப் பார்த்தேன். செய்தித்தாளை விசிறியாக மடித்துக்கொண்டிருந்தார். 12-இல் நிறுத்தினேன். முள் அசையவில்லை.

“போதுமா?” என்றார்.

“போதும் சார்.”