வரிசை எஞ்சினும் வி எஞ்சினும்: கொக்குவில் கொட்டிலில் கழட்டி அளந்து பார்த்தது

கொட்டிலுக்குள் இப்போது இரண்டு எஞ்சின்கள் நிற்கின்றன. ஒன்று சித்தப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கேம்பிரிட்ஜ் காரினுடையது. 1200 சிசி, நாலு சிலிண்டரும் ஒரே வரிசை. மற்றது பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறைக்கு எடுத்த பஜெரோவின் 3 லீற்றர் வி6, ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூன்றாக ‘V’ எழுத்துப்போல விரிந்து நிற்பது. இரண்டையும் முழுதாகக் கழட்டி, அளந்து, அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த வருடத்து வேலை. வி6 என்றால் தனி இழுவை, வி8 என்றால் அதற்கும் மேலே என்று கொக்குவில் சந்தியிலிருந்து கொடிகாமம் வரை சொல்லுகிறார்கள். வரிசை எஞ்சின் பழைய காலத்தது, வி எஞ்சின் புதியது என்ற எண்ணமும் இருக்கிறது. கழட்டக் கழட்ட இந்த இரண்டு பேச்சும் பொருந்தாமல் போகிறது.

ஏ40ஐ யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுடன் சேர்ந்து வாடகைக்கு ஓடி, கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சனத்தை ஏற்றிய கார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாதபோது, கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பதை மனிபோல்ட் என்ற குழாய்த் தொகுதியைக் கழட்டும்போது கண்ணால் பார்த்தேன். காற்று உள்ளே போகும் மனிபோல்டும் புகை வெளியே வரும் மனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. புகையின் சூடு உள்ளே போகும் குழாயில் நேரே ஏறும். பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாத மண்ணெண்ணெய்க்கு அந்தச் சூடுதான் உயிர். அமுக்க விகிதமும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) குறைவு என்பதால் மண்ணெண்ணெய்க்கும் ஈடுகொடுத்தது. என்னிடம் உள்ள வி6இல் உள்மனிபோல்ட் நடுப்பள்ளத்திலும் புகை மனிபோல்ட்கள் இரண்டு வெளிப்பக்கங்களிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் முழு அகலம் நிற்கிறது.

ஆனால் நான் தேடியது வேறு. நாலு சிலிண்டர் வரிசை எஞ்சின் ஏன் அதிருகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஹெட் இல்லாத பிளொக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடலை, மேசையில் நிமிர்த்தி வைத்தேன். முதலாம், நாலாம் பிஸ்டன்கள் உச்சியில் நின்றால் இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்கள் அடியில் நிற்கும். பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 89 மில்லிமீற்றர். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங் தண்டைச் சரியாகக் கால் சுற்றுச் சுற்றினால் நாலு பிஸ்டனும் ஒரே மட்டத்துக்கு வரும். அந்த மட்டம் பாதி வழி என்றால், உச்சியில் நின்ற இடத்திலிருந்து 44.5 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். வேர்ணியர் என்ற அளவுகோலின் வாலை விட்டு அளந்தால் 50ஐத் தாண்டுகிறது. நாலும் அப்படியே. பாதியிலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் கீழே நிற்கின்றன.

காரணம், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்றொட்டின் சரிவு. கிராங் பக்கவாட்டில் நிற்கும்போது றொட் சாய்ந்து போகிறது. சாய்ந்த றொட்டின் உயரம் குறைவு, ஆகவே பிஸ்டன் இன்னும் கொஞ்சம் கீழே இழுபடுகிறது. உச்சியிலிருந்து வந்த இரண்டு பிஸ்டனும் பாதியைத் தாண்டிக் கீழே ஓடிவிட்டன. அடியிலிருந்து ஏறிய இரண்டும் பாதியை எட்டவில்லை. அடுத்த கால் சுற்றில் சோடிகள் இடம் மாற, நாலும் சேர்ந்த சராசரி மறுபடி நடுவுக்கு ஏறும். ஒரு முழுச் சுற்றில் இப்படி இரண்டு தரம் கீழே போய் மேலே வருகிறது. நாலு பிஸ்டனின் எடை முழுவதும் 6 மில்லிமீற்றர் ஏறி இறங்குவதுதான் அந்த அதிர்வு. கிராங்கில் எவ்வளவு எதிர் எடை வைத்தாலும் போகாது. எதிர் எடை ஒரு சுற்றுக்கு ஒரு தரம்தான் சுற்றும், இந்த ஆட்டம் இரண்டு தரம் வருகிறது.

வேகம் கூடினால் இதன் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நிமிடத்துக்கு 750 சுற்றில் இருப்பதைப்போல 3000இல் 16 மடங்கு. பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் இதற்கு 1904இலேயே மருந்து கண்டுபிடித்தார்: கிராங்கின் இரட்டிப்பு வேகத்தில், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு எடைத் தண்டுகள். மிட்சுபிசி 1975இல் தன் அஸ்ட்ரோன் எஞ்சினில் அதைப் பூட்டியது. எங்கள் ஊரில் ஓடுகிற டெலிக்கா வான்களின் 2.5 லீற்றர் டீசல் எஞ்சினிலும் அந்தத் தண்டுகள் உண்டு. பெல்ற் ஒன்று குறையட்டும் என்று சில கராச்சில் அவற்றின் பெல்ற்றைக் கழட்டி விடுவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்தான். ஆனால் கிளிநொச்சி போகிற வேகத்தில் கியர்க் கம்பியைப் பிடித்தால் வித்தியாசம் கைக்குள் தெரியும். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை.

போனில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஓடுகிற வாகனங்களின் வால்வுக் கவரில் வைத்தும் பார்த்தேன். டெலிக்கா 750 சுற்றில் நிற்கும்போது 25 ஹேர்ட்ஸில் கோடு கூராக எழும்புகிறது, அதாவது செக்கனுக்கு 12.5 சுற்று, சுற்றுக்கு இரண்டு. ஆனால் அந்த மெல்லிய வேகத்தில் பெரும்பங்கு சிலிண்டர் வெடிக்கும் உதைதான். நாலு சிலிண்டரில் அதுவும் சுற்றுக்கு இரண்டு என்பதால் பிரித்தறிய முடியாது. என் போன் செக்கனுக்கு 100 தரம்தான் அளக்கும், ஒரு அசைவைப் பிடிக்க இரண்டு அளவாவது வேண்டும், ஆகவே 50 ஹேர்ட்ஸுக்கு மேலே அதன் கணக்கை நம்பக்கூடாது. இந்த விஷயத்தில் வேர்ணியர்தான் நல்ல சாட்சி.

அடுத்தது ஆறு வரிசை. மானிப்பாய் வீதிக் கராச்சில் ஒரு ராரா (டாட்டா) லொறியின் ஹெட் கழட்டி இருந்தது, 697 எஞ்சின். அந்த இலக்கத்திலேயே விவரம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீற்றர் துளை. அதே துளையில் நாலு சிலிண்டர் என்றால் 497. ஸ்ட்ரோக் 128, மொத்தம் 5675 சிசி. மெர்சிடிஸின் ஓஎம் 352 டீசல் எஞ்சினின் அளவும் இதேதான்.

"அண்ணை, கொஞ்சம் சுத்திப் பாக்கட்டே?"

"சுத்து தம்பி, லைனரில கீறல் விழாமப் பார்."

ஆறு பிஸ்டனும் சோடி சோடியாக நிற்கின்றன: 1உம் 6உம், 2உம் 5உம், 3உம் 4உம். சோடிக்குச் சோடி 120 பாகை. கிராங்கை எங்கே நிறுத்தினாலும் ஆறின் ஆழத்தையும் கூட்டி ஆறால் பிரித்தால் ஒரே எண்தான் வருகிறது. கால் சுற்று, அரைக்கால் சுற்று, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திய இடம், எல்லாவற்றிலும் அதே எண். மேலே போகும் எடைக்குச் சரியாகக் கீழே வரும் எடை எப்போதும் இருக்கிறது. முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருப்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடவும் மாட்டாது. எடைத் தண்டு ஒன்றும் வேண்டாம். வேர்ணியரை வைத்துவிட்டு நெடுநேரம் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு ஒழுங்கான ஒன்றை இரும்பில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்படியானால் வி6 எதற்கு? நீளம். ராராவின் ஆறு துளைகளை மட்டும் அடுக்கினால் 582 மில்லிமீற்றர், இடையில் உள்ள சுவர்கள் வேறு. பஜெரோ வி6இன் துளை 91.1 மில்லிமீற்றர். பக்கத்துக்கு மூன்று என்பதால் துளைகளின் நீளம் 273தான். அதே துளையை ஆறாக வரிசையில் வைத்தால் 547 ஆகிவிடும். டெலிக்காவின் 2.5 டீசலின் துளையும் இதே 91.1. ஆகவே அந்த நாலு சிலிண்டர் எஞ்சினைவிட இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் கட்டையானது. கிராங்கைத் தாங்கும் மெயின் பெயாரிங் நாலே நாலு. லொறியின் ஆறு வரிசைக்கு ஏழு. முன்சில்லு இழுக்கும் கார்களில் எஞ்சினைக் குறுக்கே வைக்க வேண்டும்; அந்த இடத்துக்குள் ஆறு சிலிண்டரைத் திணிக்க வி வடிவம்தான் நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது.

அதற்கு விலை உண்டு. வி6இன் ஒவ்வொரு பக்கமும் ஒரு மூன்று சிலிண்டர் எஞ்சின். சராசரி ஆழம் அங்கேயும் மாறவில்லை, அளந்து பார்த்தேன். ஆனால் முன்பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்ற இரண்டும் கீழே. முன்பக்கம் தூக்க, பின்பக்கம் அமுங்க, முழு எஞ்சினும் படகுபோல நீளவாக்கில் ஆடப் பார்க்கும். கிராங்கின் எதிர் எடைகள் இதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். எல்லா வி6உம் ஒன்றல்ல: இது 60 பாகை, 90 பாகையிலும் செய்கிறார்கள், சிலவற்றில் அதற்கென எடைத் தண்டு வைக்கிறார்கள். என் வி6இன் கிராங்கில் ஆறு கொன்றொட்டுக்கும் ஆறு தனிப் பின்கள், ஒவ்வொரு சோடிக்கும் இடையில் 60 பாகை விலக்கு. சீரான இடைவெளியில் வெடிக்க வைக்க அவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் கிராங்கின் வார்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது அதைச் செய்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

லொறிக்கு வருவோம். அமெரிக்காவில் செவ்ரோலே 1929இல் வரிசை ஆறைக் கொண்டுவந்தது. போர்ட் 1932இல் மலிவான வி8ஐக் கொண்டுவந்தது. இந்த இழுபறி அவ்வளவு பழையது. பருத்தித்துறைப் பக்கம் ஓடிய தட்டிவான்கள் (மரத்தால் உடல் கட்டிய பயணிகள் வாகனங்கள்) அந்தக் கால செவ்ரோலேக்கள், பிறக்கும்போது வரிசை ஆறோடு பிறந்தவை. பிற்காலத்தில் யப்பான் லொறிகள் வி பக்கம் போயின: பூசோவின் 16 லீற்றர் வி8, ஐசுசுவின் 19 லீற்றர் வி10. புகையால் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அமுக்கும் டர்போ இல்லாமல் இழுவை வேண்டும் என்றால் லீற்றரைக் கூட்ட வேண்டும், லீற்றரைக் கூட்டினால் சிலிண்டர் கூடும், எட்டும் பத்தும் வரிசையில் நின்றால் கிராங் நீண்டு முறுகும். டர்போவும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் நன்றாக வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. ஐசுசுவே 15.7 லீற்றர் வரிசை ஆறுக்கு வந்தது. புகை ஒரே பக்கத்தால் வருவதால் டர்போ பூட்டுவதும் வரிசையில் லேசு. வி8ஐ விடாமல் பிடித்திருப்பவர்கள் ஸ்கானியா: 1969இல் 14.2 லீற்றர், 350 குதிரைவலு, 2020இல் 16.4 லீற்றர், 770 குதிரைவலு. கார்களிலும் மெர்சிடிஸ் 1997 அளவில் வரிசை ஆறை விட்டு வி6க்குப் போய், 2017இல் திரும்ப வரிசைக்கே வந்தது. தண்ணிப் பம்பும் ஏசியும் மின்சாரத்துக்கு மாற, முன்பக்கத்துப் பெல்ற்றுகள் இல்லாமல் போய் எஞ்சின் கட்டையானது.

எங்கள் ஊருக்கு எது நல்லது என்று கேட்டால், பதில் கிணற்றிலிருந்து தொடங்கும். குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலில் படியும் வெள்ளைப் பொருக்கு ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. ஏ40 பிளொக்கின் தண்ணீர் வழிகளைச் சுரண்டியபோது கடைசிச் சிலிண்டரின் பின்பக்கம் முழுக்க அடைத்துக் கிடந்தது. ஸ்குறூட்றைவரால் குத்திக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான வரிசை எஞ்சின்களில் தண்ணிப் பம்ப் முன்னுக்கு, கடைசிச் சிலிண்டர் பின்னுக்கு. ஓட்டம் குறைந்தால் தூரத்தில் இருப்பதுதான் முதலில் காயும். நீள ஹெட் வளையும் வாய்ப்பும் கூட. இந்த ஒரு இடத்தில் வியின் கட்டை ஹெட்டுக்கு நன்மை இருக்கிறது.

இதைச் சொன்னபோது கராச் அண்ணை தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "வளைஞ்சால் ஒரு ஹெட்டைப் பட்டறைக்குக் குடுத்து மட்டம் எடுக்கலாம். உந்த வீக்கு ஹெட் ரெண்டு, கஸ்கெற் ரெண்டு, நடுவில மனிபோல்டையும் தூக்கோணும். கூலியும் ரெண்டுதான் தம்பி." வி6இன் ஒரு ஹெட்டைக் கழட்டவே உள்மனிபோல்ட், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ரைமிங் பெல்ற் எல்லாம் வர வேண்டியிருந்தது. லொறியின் வரிசை ஆறில் எஞ்சினை இறக்காமலே மேலே ஹெட்டையும் கீழே எண்ணெய் நிற்கும் சம்பையும் கழட்டி, சிலிண்டரின் உட்குழாயான லைனரும் பிஸ்டனும் மாற்றுகிறார்கள். கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில், கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை வாகனம் நிற்கும் ஊரில், இது பெரிய விஷயம். இடம் இருக்கிற வாகனத்துக்கு நான் வரிசை ஆறைத்தான் எடுப்பேன். ரேடியேற்றருக்குக் கூலன்ற் அல்லது மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும் விடுவேன்.

இப்போதைய நிலை: ஏ40இன் ஹெட் மட்டம் எடுத்து வந்துவிட்டது, வால்வு உரசிக்கொண்டிருக்கிறேன். மூன்று மெயின் பெயாரிங்கும் பாவிக்கக்கூடிய அளவில் இருக்கின்றன. வி6இன் வலப்பக்க ஹெட் இன்னும் பிளொக்கில். பின்பக்கத்துப் போல்ட் ஒன்று துருவேறி அசையவில்லை, டீசலும் எண்ணெயும் கலந்து ஊறவிட்டிருக்கிறேன். அது வந்ததும் இரண்டு கிராங்கையும் தராசில் வைத்து நிறையும், பின்களின் விட்டமும் அளந்து எழுதுகிறேன்.