ஷோகேஸில் வைக்காத படம்

சுங்கை சிப்புட்டுக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இடிஎஸ் ரயில் நின்று போகும் தோட்டத்து ஊர். மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த இடம். 1948 ஜூனில் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அந்தத் தோட்டங்களின் பக்கம் இப்போது போனால் கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான்.

நான் போனது ஓர் அக்காவைப் பார்க்க. திருநங்கை, ரவிக்கை தைக்கிறார். அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இப்போது டவுன் ஓரத்தில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார். புகைப்படங்களைப் பற்றி அவரளவுக்குக் கறாராகப் பேச எனக்குத் தெரிந்து கோலாலம்பூரில்கூட ஆளில்லை.

“பசியாறிட்டியா தம்பி?” என்பதற்குப் பதில் சொல்லி முடித்ததும் போனை நீட்டினேன். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2024 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை நடந்த புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலியின் கண்காட்சியில் நான் எடுத்த படங்கள். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தன்பால் ஈர்ப்புப் பெண்களையும் திருநர்களையும் 2006 முதல் முஹோலி கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறார். சுவர் முழுக்க முகங்கள், எல்லாம் நேராக நம்மையே பார்க்கின்றன.

அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளினார். “யாருமே சிரிக்கலையே. ஐசி போட்டோ மாதிரி இருக்கு.”

எப்படி நிற்பது, என்ன உடுத்துவது என்பதெல்லாம் அவரவர் முடிவு என்றேன். அக்காவுக்கு அது பிடித்தது. ஐசி என்றதும் பேச்சு அங்கே திரும்பியது. நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். “என்னோடது ஒத்தையில முடியுது. கவுண்டர்ல இருக்கறவங்க முதல்ல நம்பரப் பாப்பாங்க, அப்புறம் மூஞ்சியப் பாப்பாங்க, மறுபடியும் நம்பரப் பாப்பாங்க.”

முஹோலியின் சுவரில் நடுநடுவே காலி இடங்கள் உண்டு. இனி எடுக்கப்போகும் படங்களுக்காகவும், இறந்துபோனவர்களை நினைத்தும் விட்டவை. அதே 2006-இல்தான் தென்னாப்பிரிக்கா ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. சட்டம் வந்தும் தன்பால் ஈர்ப்புப் பெண்களும் திருநர்களும் கொல்லப்படுவது நிற்கவில்லை. இதைச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசாமல் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

பினாங்குக் கதையையும் சொன்னேன். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாவில், தேசியக் கொடியோடு மலேசியர்கள் நிற்கும் படங்களின் கண்காட்சி. அதிலிருந்து திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், பாலினச் சிறுபான்மையினர் உரிமைக்காகப் பேசும் பாங் கீ தேக் இருவரின் படங்களை மட்டும் கழற்றினார்கள். அன்றைய சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா சொல்லித்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு அமெரிக்க அரசின் துணிச்சல்மிகு பெண்கள் விருதை வாங்கியவர் நிஷா.

“அவங்க மாட்டச் சொன்னத இவங்க ஏன் கழட்டணும்?” என்றார் அக்கா.

அவர் வீட்டுச் சுவரில், முருகன் காலண்டருக்கும் எம்ஜிஆருக்கும் நடுவே அவருடைய பெரிய படம் ஒன்று லேமினேட் செய்து தொங்குகிறது. அரக்குப் பட்டுச் சேலை, பின்னால் ஸ்டூடியோக்காரர் வரைந்த நீர்வீழ்ச்சி. அழகான படம். கடை வாசல் ஷோகேஸில் ஒரு பிரதி வைக்கட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் அப்போதே ஆசையாகக் கேட்டாராம். அக்கா மறுத்துவிட்டார்.

“பயமா?”

“பயமும்தான். ஆனா நான் பாக்கத்தானே எடுத்தேன்?”

கண்காட்சி பார்த்துவிட்டு வந்தால், எல்லாரையும் சுவரில் ஏற்றிவிட்டால் போதும் என்ற வேகம் எனக்கு வரும். ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு 377பி பிரிவில் இருபது வருடம் வரை சிறை என்று சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கும் நாட்டில், அந்த வேகம் லண்டனில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவனுக்குச் சுலபம். நிஷாவின் படம் தொங்கியிருக்க வேண்டும். அக்காவின் படம் ஷோகேஸுக்குப் போகாமல் இருந்ததும் சரி. இரண்டிலும் படத்தில் இருப்பவர் பேச்சைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

முஹோலி இங்கே வந்தால் உட்காருவீர்களா என்று கேட்டேன். அக்கா உடனே நிபந்தனை போட ஆரம்பித்துவிட்டார்.

“கலர்லதான் எடுக்கணும். அந்தப் பட்டக் கறுப்பு வெள்ளையில எடுத்தா பாவம். கீழ என்ன எழுதுவாங்க?”

“பேர், ஊர், வருசம்.”

“பேர் வேணாம். ஊரும் வருசமும் போட்டுக்கட்டும்.”

வாசலில் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள். என்னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியை அவர்களுக்குப் போட்டார்.