லினக்ஸில் கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கிராஷ் ஆனால் எங்கே தேடுவது

கேம் நடுவில் திரை உறைந்ததும் பலர் முதலில் செய்வது டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. லினக்ஸில் அது பெரும்பாலும் வீண் வேலை. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அதே பதிப்பை மறுபடி போட்டால் அதே கோப்புகள்தான் அதே இடத்தில் வந்து உட்காரும். அந்த நேரத்தை லாக் (கணினி எழுதும் நிகழ்வுப் பதிவு) படிப்பதில் செலவிட்டால் பாதி விடை கையில் வந்துவிடும்.

லாக்குக்கும் முன்னால், கணினி எப்படி விழுந்தது என்பதைக் கவனியுங்கள். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் நன்றாக இருந்தால் தேட வேண்டிய இடம் மென்பொருள்: புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீம் கருவி), மெசா (கார்டுக்கான கிராஃபிக்ஸ் நூலகம்), மெமரி வரம்புகள், அல்லது கேமே. படம் உறைந்து சத்தம் மட்டும் ஒழுங்காகத் தொடர்ந்தால் கார்டு ஹேங் ஆகியிருக்கிறது, சிபியுவும் கெர்னலும் உயிரோடு இருக்கின்றன. சத்தமும் ஒரே துண்டில் சிக்கி கரகரவென்று திரும்பத் திரும்ப வந்தால் மொத்த கணினியும் நின்றுவிட்டது. ரேம், பிசிஐ இணைப்பு, கெர்னல் பேனிக் ஆகியவற்றை நினைக்க வேண்டும். பட்டென்று அணைந்தாலோ தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ பவர் சப்ளைதான் முதல் சந்தேகம். இந்தக் கடைசி வகையில் லாக்கில் ஒன்றும் இருக்காது. கேம் ஓடிக்கொண்டிருந்த சாதாரண வரிகளோடு லாக் அறுந்து நிற்கும். எதுவும் பதிவாகாமல் நின்றதே ஒரு தடயம்.

படம் உறைந்து சத்தம் வரும் நிலையில் ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள். எஸ்எஸ்எச் (வேறு கருவியிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சர்வரை முன்பே இயக்கி வைத்திருந்தால் இன்னொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ உள்ளே போகலாம். இன்னும் நல்லது, கேம் தொடங்கும் முன்பே அந்த எஸ்எஸ்எச் ஜன்னலில் கெர்னல் செய்திகளை வந்தவுடன் காட்டும் டிமெஸ்ஜி -டபிள்யூ கட்டளையை ஓடவிட்டு வைப்பது. கார்டு விழும் நொடியில் வரும் கடைசி வரிகள் டிஸ்க்கில் எழுதப்படாமலே போவதுண்டு. இந்த ஜன்னலில் அவை நிற்கும். இரண்டாவது கருவி இல்லையென்றால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் கீ) இரண்டையும் பிடித்தபடி எஸ், யு, பி எழுத்துகளைச் சில நொடி இடைவெளியில் அழுத்துங்கள். எஸ் டிஸ்க்கில் எழுதவேண்டியதை எழுதிவிடும், யு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி ரீபூட் செய்யும். பல டிஸ்ட்ரோக்களில் எஸ் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கும். மூன்றும் வேலை செய்ய கெர்னல்.சிஸ்ஆர்க்யூ என்ற சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்பு) மதிப்பை 1 ஆக்கி வையுங்கள்.

ரீபூட்டுக்குப் பிறகு முந்தைய பூட்டின் கெர்னல் லாக்கைப் பார்க்கும் கட்டளை இது:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

பழைய பூட் எதுவும் இல்லை என்று பதில் வந்தால் ஜர்னல் ரேமில் மட்டும் சேமிக்கப்படுகிறது என்று பொருள். /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரியை உருவாக்கி கணினியை ஒருமுறை ரீபூட் செய்தால் அடுத்த முறையிலிருந்து லாக் தங்கும்.

ஏஎம்டி கார்டில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் "ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட்" என்ற வரி. கெர்னல் ஒரு வேலையை கார்டின் வரிசைக்கு அனுப்பி, அது முடிந்ததற்கான அடையாளத்துக்காகக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்கிறது. அடையாளம் வராவிட்டால் இந்த வரியை எழுதிவிட்டு கார்டை ரீசெட் செய்யப் பார்க்கிறது. ஆகவே டைம்அவுட் என்பது விளைவு. அதை மட்டும் தேடுபொறியில் போட்டால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நூறு கோளாறுகள் வந்து விழும். காரணம் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கும். மேலே "பேஜ் ஃபால்ட்" வரிகள் அடுக்கடுக்காக இருந்தால், தனக்கு ஒதுக்கப்படாத முகவரியை ஏதோ ஒரு ஷேடர் (கார்டில் ஓடும் சிறு நிரல்) தொட்டிருக்கிறது. மெசாவிலோ, விகேடி3டியிலோ (டைரக்ட்எக்ஸ் 12 கேம்களுக்கான புரோட்டானின் பகுதி), கேமிலோ உள்ள பிழை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். மேலே எஸ்எம்யு என்று தொடங்கும் புகார்கள் இருந்தால், கார்டின் மின் மேலாண்மை ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) பதில் சொல்வதை நிறுத்தியிருக்கிறது. மேலே ஒன்றுமே இல்லாமல் நேராக டைம்அவுட் வந்தால் கிளாக் (கார்டு ஓடும் வேகம்), வோல்டேஜ் பக்கம் முதலில் பாருங்கள். அந்த வரியோடு வரும் புரொசஸ் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் வரிசையில் யாருடைய வேலை நின்றதோ அவர் பெயர்தான் அது. சில சமயம் கேமுக்குப் பதிலாக டெஸ்க்டாப்பின் பெயரே வந்து நிற்கும்.

ரீசெட் வெற்றி என்று லாக்கில் எழுதியிருந்தும் கேம் செத்துப்போனால் குழம்ப வேண்டாம். முழு ரீசெட்டில் விரேமில் (கார்டின் சொந்த மெமரி) இருந்தது பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அதிலிருந்து மீண்டெழும்படி எழுதப்பட்ட கேம்கள் குறைவு.

என்விடியாவில் "எக்ஸ்ஐடி" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 13, 31 இரண்டும் பெரும்பாலும் கேம் அல்லது டிரைவர் பிழை. ஒரே கேமில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது கிட்டத்தட்ட உறுதி. ஆனால் விரேமை ஓவர்கிளாக் செய்திருந்தாலும் (குறித்ததைவிட வேகமாக ஓட்டினாலும்) இதே எண்கள் வரும். 79 வந்தால் கார்டு பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள்: மின்சாரம், சூடு, ஸ்லாட்டில் சரியாக உட்காராதது, ரைசர் கேபிள் (கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்பு). டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் 79 அநேகமாகப் போகாது. 119 என்பது கார்டுக்குள் இருக்கும் ஜிஎஸ்பி ஃபர்ம்வேர் பதில் தரவில்லை என்ற செய்தி. என்விடியாவின் மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) கெர்னல் மாட்யூலைப் பயன்படுத்துபவர்கள் என்வி-ரெக்_எனேபிள்ஜிபியுஃபர்ம்வேர் என்பதை 0 ஆக வைத்து ஜிஎஸ்பியை அணைத்துப் பார்க்கலாம். திறந்த மாட்யூலில் இந்த வழி கிடையாது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத் திறந்த மாட்யூல் மட்டுமே.

இனி கிளாக். என் கணிப்பில் அதிகம் பேர் தாண்டிப் போய்விடுவது இந்தப் படியைத்தான். முதலில், நீங்களே செய்த அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்தல்), ஓவர்கிளாக் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு பெஞ்ச்மார்க்கில் ஒரு மணி நேரம் தாங்கிய அண்டர்வோல்ட், ரே டிரேசிங் உள்ள கேமில் பத்தே நிமிடத்தில் விழும். கார்டின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து தேவைப்படும் வோல்டேஜ் மாறுகிறது. விண்டோஸில் தாங்கிய அளவு லினக்ஸிலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

பிறகு இந்தச் சோதனை. ஏஎம்டியில் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/கார்டு0/டிவைஸ் டைரக்டரிக்குள் பவர்_டிபிஎம்_ஃபோர்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்_லெவல் என்ற கோப்பு இருக்கும். சில கணினிகளில் கார்டு1. அதில் வழக்கமாக "ஆட்டோ" இருக்கும். ரூட்டாக அதில் "ஹை" என்று எழுதிவிட்டு கேம் ஆடுங்கள். கிராஷ் நின்றால், கிளாக் ஏறி இறங்கும் தருணங்களில்தான் கார்டு தடுமாறுகிறது. கட்ஸீன், மெனு, லோடிங் திரை ஆகிய இடங்களில் மட்டும் விழும் கார்டுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். "ஹை"யிலும் விழுந்தால் எதிர்த்திசையில் போங்கள்: லாக்ட் அல்லது கோர்கண்ட்ரோல் (கார்டின் அமைப்புகளை மாற்றும் கருவிகள்) மூலம் உச்ச கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். இதற்கு ஓவர்டிரைவ் வசதி இயங்கியிருக்க வேண்டும். லாக்டின் அமைப்புகளிலேயே அதற்கு ஒரு பட்டன் உண்டு. என்விடியாவில் உச்ச கிளாக்கைப் பூட்டும் கட்டளை:

சூடோ என்விடியா-எஸ்எம்ஐ -எல்ஜிசி 210,1500

-ஆர்ஜிசி கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். கிளாக்கைக் குறைத்ததும் கிராஷ் முழுக்க நின்றால் மென்பொருளைக் குறை சொல்வதை நிறுத்திவிடலாம். தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து விற்கப்படும் கார்டுகளில் சில, அந்த கிளாக்கை எல்லாச் சுமையிலும் தாங்குவதில்லை. வாரன்டி இருந்தால் இந்தச் சோதனையின் முடிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய எளிய சோதனை, ஃப்ரேம் எண்ணிக்கையைக் கட்டுவது. மேங்கோஹட் (கேமின் மேல் ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டும் கருவி) அமைப்பில் எஃப்பிஎஸ்_லிமிட் 60 என்று வைத்து ஆடுங்கள். கட்டுப்பாடில்லாத மெனு திரை நொடிக்குப் பல நூறு ஃப்ரேம் வரைந்து கார்டை முழு மின்சாரம் இழுக்க வைக்கும். 60-ல் கட்டியதும் கிராஷ் மறைந்தால் சூடு அல்லது பவர்.

பவர் என்றால் கேபிளிலிருந்து தொடங்குங்கள். பிசிஐ ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் இடம் இருந்து, ஒரே கேபிளின் இரண்டு தலைகளை அவற்றில் செருகியிருந்தால் மொத்த சுமையும் ஒரே கம்பியில் போகிறது. பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். சராசரியாக 300 வாட் எடுக்கும் கார்டு, மில்லிநொடிக் கணக்கில் அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்த உச்சத்தில் பவர் சப்ளையின் பாதுகாப்பு மின்வெட்டு விழுந்தால் கணினி பட்டென அணையும். வாட் மீட்டரில் இந்த உச்சம் தெரியாது என்பதால் "மீட்டரில் 450தான் காட்டுகிறது, என்னிடம் 650 வாட் சப்ளை இருக்கிறது" என்ற கணக்கு போதாது. புதிய 16 பின் பிளக் என்றால் இடைவெளி தெரியாதபடி முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று கணினியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அரைகுறையாகச் செருகினால் உருகும் அபாயம் இருக்கிறது.

சூட்டுக்கு சென்சார்ஸ் கட்டளை போதும். ஏஎம்டியில் எட்ஜ், ஜங்ஷன், மெம் என்று மூன்று எண்கள் வரும். முக்கியமானது சில்லின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் ஜங்ஷன், ஆர்டிஎன்ஏ (ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5000 முதலான வரிசைகள்) கார்டுகளில் அது 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். எட்ஜுக்கும் ஜங்ஷனுக்கும் முழுச் சுமையில் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலர் சரியாகப் படியவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கெர்னல் லாக்கில் ஏஇஆர், அதாவது பிசிஐ பஸ் பிழை வரிகள் நிறைய இருந்தால் ரைசர் கேபிளைக் கழற்றி கார்டை நேரடியாக போர்டில் செருகுங்கள். முடியாவிட்டால் பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3 (பிசிஐ மூன்றாம் தலைமுறை) ஆக இறக்குங்கள். கேமில் வேகக் குறைவு அதிகம் தெரியாது. எல்எஸ்பிசிஐ -விவி காட்டும் லிங்க் வேகத்தைச் சுமை இருக்கும்போது மட்டும் பாருங்கள். சும்மா இருக்கும் கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைப்பது இயல்பு.

கார்டின் தலையில் பழி விழும் ரேம், சிபியு கோளாறுகள் நிறைய. பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஒருநாள் ஆடிப் பாருங்கள், இரவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிடுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றில் வந்த நிலையின்மைக் கோளாறு, அன்ரியல் எஞ்சின் கேம்களில் ஷேடர் தயாராகும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்ற பிழையாக வெளிப்பட்டது. விரேம் பாதி காலியாக இருக்கும்போதும் அந்தச் செய்தி வரும். இன்டெல் 2024-ல் இதற்கான மைக்ரோகோடை (சிபியுவுக்குள் ஓடும் நிரலின் திருத்தம்) பயாஸ் அப்டேட் வழியாகத் தந்தது. பயாஸ் அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். ஏற்கெனவே சேதமான சிபியுவை அந்த அப்டேட் சரிசெய்யாது.

கெர்னல் லாக் சுத்தமாக இருந்து கேம் மட்டும் மறைந்தால் மென்பொருள் பக்கம் வரலாம். ஒரு நிரல் எத்தனை மெமரிப் பகுதிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பான விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட் மதிப்பைப் பாருங்கள். பழைய இயல்பு மதிப்பான 65530 சில பெரிய கேம்களுக்குப் போதாது, 1048576 ஆக்குங்கள். ஃபெடோரா 39, உபுண்டு 24.04 முதல் அதுவே இயல்பு. அடுத்து ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் இதைப் போடுங்கள்:

புரோட்டான்_லாக்=1 %கமாண்ட்%

ஹோம் டைரக்டரியில் கேமின் எண்ணோடு ஒரு லாக் கோப்பு வரும். அதில் "டிவைஸ் லாஸ்ட்" இருந்தால் கார்டுதான் விழுந்திருக்கிறது, மறுபடி கெர்னல் லாக்குக்குப் போங்கள். "அவுட் ஆஃப் டிவைஸ் மெமரி" இருந்தால் டெக்ஸ்சர் தரத்தை இறக்குங்கள். புரோட்டான் பதிப்பை மாற்றிப் பார்ப்பதும் ஷேடர் கேஷை அழிப்பதும் தீங்கில்லாதவை. காம்பேட்டேட்டா (ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் வைக்கும் விண்டோஸ் கோப்புகள்) டைரக்டரியை அழிப்பது அப்படியல்ல. கிளவுட் சேவ் இல்லாத கேம்களின் சேவ் கோப்புகள் அதற்குள்தான் இருக்கும், முதலில் நகல் எடுங்கள்.

ஸ்டீமை ஃபிளாட்பேக்காக (தனக்கு வேண்டிய நூலகங்களோடு வரும் தொகுப்பு) நிறுவியவர்களுக்கு ஒரு தனி விஷயம். அது தன் சொந்த மெசாவோடு வருகிறது. கணினியின் மெசாவை ஏற்றியும் இறக்கியும் எதுவும் மாறவில்லை என்றால் காரணம் அதுதான். ஃபிளாட்பேக் அப்டேட் தனியாகச் செய்ய வேண்டும். என்விடியாவில் ஃபிளாட்பேக்குக்குள் இருக்கும் டிரைவர் பதிப்பும் கெர்னல் மாட்யூலின் பதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும்.

நேற்று வரை நன்றாக ஓடி, அப்டேட்டுக்குப் பிறகு விழத் தொடங்கியிருந்தால் கெர்னல், மெசா, லினக்ஸ்-ஃபர்ம்வேர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ஃபர்ம்வேரை மாற்றியதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்க வேண்டும். பழைய நகல் அதற்குள் இருந்தால் பூட்டில் அதுதான் ஏறும். இந்த ஒரு படி விட்டுப்போனதால் "ஃபர்ம்வேர் காரணமில்லை" என்று தவறான முடிவுக்கு வருவது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு டிரைவர் பிழை என்று தோன்றினால் புகார் எழுதுங்கள். ஏஎம்டி கெர்னல் டிரைவருக்கும் மெசாவுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேப்பில் தனித்தனி இடங்கள் உள்ளன. என்விடியாவுக்கு என்விடியா-பக்-ரிப்போர்ட் ஸ்கிரிப்ட்டை ரூட்டாக ஓட்டினால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும். புகாரில் கார்டின் மாடல், கெர்னல், மெசா, ஃபர்ம்வேர் பதிப்புகள், கேமின் பெயர், எந்த இடத்தில் விழுகிறது, கடைசியாக நன்றாக ஓடிய பதிப்பு எது என்பதெல்லாம் இருக்கட்டும். லாக்கில் டைம்அவுட் வரியை மட்டும் வெட்டி ஒட்டாமல் பூட் தொடக்கத்திலிருந்து முழுக்கச் சேருங்கள். புதிய கெர்னல்களில் ஏஎம்டி கார்டு ரீசெட் ஆகும்போது டிவைஸ் டைரக்டரிக்குள் டெவ்கோர்டம்ப் என்ற பெயரில் ஒரு பதிவு உருவாகும். டிரைவர் எழுதுபவர்களுக்கு அதுதான் மிகவும் பயன்படும். ஐந்து நிமிடத்தில் கெர்னல் அதை அழித்துவிடும், எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனதும் முதல் வேலையாக அதை நகலெடுங்கள்.