ஐம்பதாம் எண் சாலையில் ஒரு படல்

யுரேகாவிலிருந்து ஈலி 77 மைல். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. நெவாடாவைக் குறுக்காகக் கடக்கும் இந்த 50-ஆம் எண் நெடுஞ்சாலையை அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று 1986-ல் 'லைஃப்' இதழ் எழுதியது. 2024 அக்டோபரில் நான் போனபோதும் அப்படித்தான் இருந்தது. ஒரு மலைத்தொடரை ஏறி இறங்கினால் அகலமான பள்ளத்தாக்கு. அதைக் கடந்தால் எதிரே அடுத்த மலை.

இருட்டுவதற்குள் தங்க இடம் பார்க்க வேண்டும். "மண் பாதை ஏதாவது ஒன்றில் திரும்பு, பிஎல்எம் நிலமாக இருந்தால் கூடாரம் போட்டுக்கொள். முன்பதிவு வேண்டாம், காசும் வேண்டாம். பொதுவாக 14 நாள் வரை இருக்கலாம்" என்று நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். பிஎல்எம் என்பது மத்திய அரசின் நில நிர்வாகத் துறை. நெவாடாவில் சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசினுடையது. அதில் பிஎல்எம் கையில் மட்டும் ஏறக்குறைய 4.8 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு!

திரும்பிய பாதையில் அரை மைல் போனதும் முள்கம்பியும் குச்சிகளும் சேர்த்துக் கட்டிய ஒரு படல். பூட்டு இல்லை, கம்பி வளையம் ஒன்றைக் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். திறக்கலாமா என்று தயங்கி நின்றேன். திறக்கலாம். ஆனால் மூடியிருந்ததை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடி விட்டும் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தவறினால் ஒருவருடைய மாடுகள் இன்னொருவர் மேய்ச்சலில் கலந்துவிடும், இல்லையென்றால் நெடுஞ்சாலைக்கு வந்துவிடும்.

மாடு வைத்திருப்பவருக்கு அந்த நிலம் சொந்தமில்லை, மேய்க்க உரிமம்தான். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் மேய்த்துப் புல் அழிந்த பிறகுதான், 1934-ல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. நான் போன வருடம் கன்றோடு ஒரு பசு ஒரு மாதம் மேய 1.35 டாலர் கட்டணம். எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒன்று இருந்தது. இப்போது அங்கே வீட்டுமனைகள். படலை மூடும்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

இரவில் லேசாகத் தூறியது. மழை பட்டதும் சேஜ்பிரஷ் புதர்கள் அப்படி மணந்தன! நம் மரிக்கொழுந்தும் இதுவும் ஒரே பேரினம். கூடாரத்தை விட்டு வெளியே வந்து வெகுநேரம் அப்படியே நின்றிருந்தேன்.

காலையில் சரிவில் பின்யன் பைன் மரங்களுக்கு அடியில் ஒரு குடும்பம் துணி விரித்துக் காய்களைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தின் பழங்குடிகளான ஷோஷோனி மக்கள். மூத்த அம்மா ஒருவர் கைப்பிடி நிறையக் கொட்டைகள் கொடுத்தார். மெல்லிய ஓடு, பல்லால் கடித்தாலே உடைகிறது. உள்ளே மாவும் இனிப்புமாக ஒரு பருப்பு. வீட்டுத் தேவைக்கு என்றால் ஒருவர் 25 பவுண்டு வரை இலவசமாக எடுக்கலாம் என்பது பிஎல்எம் விதி. "எங்கள் பாட்டி காலத்தில் யாரும் எடை போடவில்லை" என்றார் அந்த அம்மா. இதே மரங்களைத்தான் முன்பு, மாட்டுக்குப் புல் வேண்டும் என்று, இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து ஏக்கர் கணக்கில் சாய்த்தார்கள்.

1863-ல் ரூபி பள்ளத்தாக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மேற்கு ஷோஷோனியர் நட்புக்கு ஒப்புக்கொண்டார்கள், வழி விட்டார்கள், நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை. பிறகு, நிலம் கைவிட்டுப் போனதற்கு சுமார் 2.6 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. பலர் அந்தப் பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்றார்கள். அவர்கள் பெயரில் அரசுக் கருவூலத்தில் போட்டதே கொடுத்ததற்குச் சமம் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மாநிலத்தில் இன்னொரு கோபமும் உண்டு. எங்கோ வாஷிங்டனில் இருப்பவர்கள் எங்கள் நிலத்தை ஆளலாமா என்று கேட்டு, 1979-ல் நெவாடா சட்டமன்றம் இந்த நிலங்களுக்கு உரிமை கோரிச் சட்டமே போட்டது. தினமும் அதிகாரிகளோடு மல்லுக்கட்டும் மாட்டுக்காரரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிகளுக்காக முன்பு மாநிலத்துக்குத் தரப்பட்ட நிலத்தை நெவாடா ஏறக்குறைய முழுவதும் விற்றுத் தீர்த்துவிட்டது. மத்திய அரசின் இந்த நிலத்தையும் மாநிலத்திடம் கொடுத்திருந்தால் அந்தப் படலில் இன்று பூட்டுத் தொங்கும். நானும் உள்ளே போயிருக்க மாட்டேன், காய் தட்ட அந்தக் குடும்பமும் வந்திருக்க முடியாது.

கிளம்பும்போது அவர்களுடைய வண்டியும் எனக்குப் பின்னாலேயே வந்தது. படலைத் திறக்க இறங்கினேன். அதற்குள் அந்த அம்மாவின் பேரன் ஓடிவந்து வளையத்தைக் கழற்றி, என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தான். நெடுஞ்சாலையில் ஏறும் முன் கண்ணாடியில் பார்த்தேன். தாத்தா வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். பையன் படலைத் தோளால் நெருக்கி, வளையத்தை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான்.